மௌன எழுத்து நேரத்தில் நடந்த வாசிப்பு

மனித குலத்தின் மாபெரும் கண்டுபிடிப்புகளில் சக்கரத்துக்கு அடுத்த இடம் ‘ஒருங்கிணைந்த கூட்டு எழுத்து முகா’முக்குத்தான் தரவேண்டும். அதற்கு முன்னால் எழுதியவர்கள் எல்லாம், பாவம், தனித்தனியாக உட்கார்ந்து எழுதினார்கள். மணி அடித்து ஆரம்பித்துவைக்க ஆளில்லை. மூச்சை இழுத்து விடச் சொல்ல ஆளில்லை. எழுதியது எத்தனை சொல் என்று பலகையில் போட்டுக் கைதட்டவும் ஆளில்லை. அப்படியும் அவர்கள் எதையோ எழுதி முடித்துவிட்டார்கள் என்றால் அதைத் தற்செயல் என்றே கொள்ளவேண்டும்.

இந்தக் குறையைப் போக்கத்தான் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மேம்பாட்டுப் பிரிவு களத்தில் இறங்கியது. முனைவர் பட்டத்துக்கு ஆண்டுக்கணக்காக ஆய்வேடு எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பொறுக்கி எடுத்து, ஊருக்கு வெளியே ஒரு கட்டடத்தில் ஒரு வாரம் வைத்திருந்து, எல்லோரையும் ஒரே நேரத்தில் எழுதவைப்பது திட்டம். அப்படிப் பொறுக்கப்பட்டவர்களில் வரிசையக்காவும் ஒருத்தி.

அந்தப் பெயர் அவள் ஆய்வால் வந்தது. மருத்துவமனை, மின்கட்டணக் கவுன்டர், பாஸ்போர்ட் அலுவலகம் என்று மக்கள் வரிசையில் நிற்கிற இடமெல்லாம் தானும் போய் நின்று, முன்னால் நிற்பவரும் பின்னால் நிற்பவரும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அவள் கேட்டுப் பதிவுசெய்தாள். கவுன்டர் வரை போய், கட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் திரும்பிவந்து, பல காவலாளிகளின் சந்தேகத்துக்கும் ஆளானாள். வளாகத்தில் வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொள்பவர் முதல் நூலகர் வரை எல்லோருக்கும் அவள் வரிசையக்காதான். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் மட்டும் ‘வரிசை’ என்ற சொல் கிடையாது. அது ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று நெறியாளர் சொல்லிவிட்டார். அதனால் ‘பொதுவெளிக் காத்திருப்பின் உரையாடல் பரிமாணங்கள்’ என்று வைத்தாள். ‘பரிமாணங்கள்’ என்று முடிந்துவிட்டால் அப்புறம் யாரும் கேள்வி கேட்பதில்லை.

நெறியாளர் பெரிய மனிதர். எந்நேரமும் எங்காவது தலைமை தாங்கிக்கொண்டிருப்பார். வரிசையக்கா ஒவ்வோர் இயலையும் எழுதி முடித்து அவர் அறைக்குக் கொண்டுபோகும்போதெல்லாம், “வச்சிட்டுப் போம்மா, பாக்கறேன்” என்பார். சொன்ன சொல் தவறாதவர். வைத்த இடத்தில் அது இருப்பதை ஒவ்வொரு முறை உள்ளே வரும்போதும் பார்த்தார். நாலாம் இயலை அப்படி அவர் பார்க்க ஆரம்பித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதை அவர் படித்துத் திருத்தம் சொன்னால் அவள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம். வருடக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்.

இந்த நிலையில் ‘தாமதத்துக்குக் காரணம் என்ன?’ என்று பிரிவிலிருந்து நெறியாளருக்குக் கடிதம் வந்தது. அவர் கொஞ்சமும் யோசிக்காமல், ‘மாணவிக்கு எழுத்தடைப்பு’ என்று பதில் எழுதினார். மாரடைப்பு மாதிரி அதுவும் ஓர் அடைப்பு. சிகிச்சை, முகாம்.

வீட்டில் இந்தச் செய்தி கவலையை உண்டாக்கியது. “எங்க குடும்பத்துல யாருக்கும் அது வந்ததில்லையே” என்றார் மாமியார். கண்ணாடிக் கடையில் வேலை செய்யும் கணவர், இது பரம்பரையாக வருவதா என்று விசாரித்தார். தனக்கு ஒரு அடைப்பும் இல்லை, எழுதியாகிவிட்டது, படிக்கத்தான் ஆளில்லை என்று அவள் எடுத்துச் சொன்னாள்.

“அப்ப அங்க போய் என்ன எழுதப் போற?” என்றார் அவர்.

“தெரியலைங்க. ஆனா போகலைன்னா கையெழுத்துப் போடமாட்டேங்கறாரு.”

மகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, துணிமணியும் மடிக்கணினியுமாக அவள் கிளம்பினாள்.

முகாம் நடந்த கட்டடம் மற்ற நாட்களில் தீத்தடுப்புப் பயிற்சி மையமாக இருந்தது. தாழ்வாரமெல்லாம் சிவப்பு வாளிகளில் மணல். எழுத்துக்கூடத்தின் சுவரில், தீப்பிடித்தால் என்ன செய்யவேண்டும் என்று பெரிய எழுத்தில் ஓர் அறிவிப்பு. அதற்குப் பக்கத்தில் சொல் எண்ணிக்கைப் பலகை. எதிரே கையில் மணியோடு ஒருங்கிணைப்பாளர். அவர் வாழ்நாளில் எழுதியவற்றில் பெரும்பாலானவை அழைப்பிதழ்கள். அதனால் எழுதுகிறவர்களின் கஷ்டநஷ்டங்களை வெளியிலிருந்து நடுநிலையோடு அணுக அவரால் முடிந்தது.

முதல் நாள் முழுவதும் எழுதுவதற்கான மனநிலையை உருவாக்குவதில் போயிற்று. எல்லோரும் கண்ணை மூடித் தங்கள் ஆய்வேட்டை ஒரு மிருகமாகக் கற்பனை செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஒருவருக்கு யானை தெரிந்தது. ஒருவருக்கு ஆமை. வரிசையக்காவுக்கு நெறியாளரின் மேசை தெரிந்தது. அது மிருகம் இல்லை என்று ஒருங்கிணைப்பாளர் ஏற்க மறுத்துவிட்டார். பிறகு எழுத்து ‘இலக்கு’ பற்றி ஓர் உரை, ‘இலக்கை அடைதல்’ பற்றி ஓர் உரை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பற்றி ஒரு குழு விவாதம்.

மறுநாள் காலை ‘மௌன எழுத்து நேரம்’ ஆரம்பமாயிற்று. மணி அடித்ததும் எல்லோரும் தட்டச்சு செய்யவேண்டும். நிறுத்தக் கூடாது, பேசக் கூடாது, திரும்பிப் பார்க்கக் கூடாது. கடைசியில் எத்தனை சொல் என்று பலகையில் போடுவார்கள்.

வரிசையக்கா திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எழுத ஒன்றும் இல்லை. சும்மா இருந்தாலோ ஒருங்கிணைப்பாளர் பக்கத்தில் வந்து நின்று அனுதாபமாக மூச்சு விட்டார். வேறு வழியில்லாமல் எதிர்ச் சுவரில் இருந்ததைப் பார்த்து அடிக்க ஆரம்பித்தாள். தீ விபத்து ஏற்பட்டால் பதற்றப்படாதீர்கள். மின்தூக்கியைப் பயன்படுத்தாதீர்கள். அருகில் உள்ள வழியாக வெளியேறுங்கள். அறிவிப்பு முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. விரல்கள் பறந்தன. அவளுடைய வேகத்தைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பயம் வந்துவிட்டது.

சாயங்காலம் பலகையில் அவள் பெயர்தான் முதலில். ஒருங்கிணைப்பாளர் நெகிழ்ந்துபோனார். எழுத்தடைப்போடு வந்த ஒருத்தி ஒரே நாளில் இத்தனை ஆயிரம் சொற்களைக் கொட்டியிருக்கிறாள் என்றால், முகாமின் சக்தி எப்படிப்பட்டது என்று கேட்டார். அவளுக்கு ‘சொற்செல்வி’ பட்டமும் ஒரு பேனா ஸ்டாண்டும் வழங்கப்பட்டன. அவள் எழுதியது எதைப் பற்றி என்று கேட்பது முகாம் விதிகளின்படி அநாகரிகம். யாரும் அநாகரிகமாக நடந்துகொள்ளவில்லை.

பக்கத்து இருக்கையில் இருந்தவனுக்கு மட்டும் விஷயம் தெரியும். அவனை எல்லோரும் ‘முன்னுரைத் தம்பி’ என்பார்கள். மரப்பாலங்களைப் பற்றிய ஆய்வு. பாலங்களைப் பற்றி எழுதவேண்டியதை எல்லாம் எழுதிவிட்டான். முன்னுரை மட்டும் சரியில்லை என்று அவனுடைய நெறியாளர் சொல்லிக்கொண்டே இருந்தார். முன்னுரையைத் தாண்டி அவர் போனதே இல்லை என்பதால் வேறு எதையும் சரியில்லை என்று சொல்ல அவருக்கு வாய்ப்பில்லை.

மறுநாள் மௌன நேரத்தில் அவன் ஒரு காகிதத்துண்டை அவள் பக்கம் தள்ளினான். ‘அக்கா, நெருப்பு அணைஞ்சிடுச்சா?’ என்று எழுதியிருந்தது. அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, கீழேயே பதில் எழுதினாள்: ‘உங்கிட்ட முன்னுரையைத் தவிர வேற என்ன இருக்கு?’

அவன் தன் மூன்றாம் இயலை மேசைக்கு அடியில் நீட்டினான். அவளும் பையிலிருந்து தன் நாலாம் இயலின் பிரதியை எடுத்துக் கொடுத்தாள். கொடுத்ததும், யாரோ வந்து சமையலறை அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பதுபோல் கூச்சமாக இருந்தது. திரும்ப வாங்கிவிடலாமா என்று நினைத்தாள். அதற்குள் அவன் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டான்.

அவள் மரப்பாலங்களுக்குள் நுழைந்தாள். நடுநடுவே ஓரக்கண்ணால் அவனைப் பார்த்தாள். ஓரிடத்தில் அவன் சிரித்தான். மருத்துவமனை வரிசையில் நிற்கும் இரண்டு பேர் தங்கள் வியாதிகளை ஒப்பிட்டுப் பார்த்துப் போட்டி போடும் இடமாகத்தான் இருக்கவேண்டும். வேறோர் இடத்தில் நெற்றியைச் சுருக்கிப் பின்பக்கங்களைப் புரட்டினான். தான் எழுதியது ஒருவனுடைய முகத்தில் இப்படி வந்துவந்து போவதை இத்தனை வருடத்தில் அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

தேநீர் இடைவேளையில் அவன் தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

“அக்கா, நல்லா இருக்கு. ஆனா ஒரு விஷயம் சொல்லலாமா?”

“சொல்லு தம்பி.”

“வரிசையை விட்டுக் கொஞ்ச நேரம் போறவங்க, இரக்கமா தெரியற ஒருத்தரைப் பாத்து, ‘என் எடத்தைப் பாத்துக்கோங்க’ன்னு சொல்லிட்டுப் போறாங்கன்னு எழுதியிருக்கீங்க. ஆனா நீங்க பதிவு பண்ணின பேச்சுல எல்லாம், பின்னால நிக்கிறவங்ககிட்டதான் சொல்லிட்டுப் போறாங்க. ஒருத்தர்கூட முன்னால நிக்கிறவரைக் கேக்கலை. சிடுமூஞ்சியா இருந்தாலும் பின்னால இருக்கறவர்தான்.”

அவள் கையில் இருந்த கோப்பை அப்படியே நின்றது.

“இவங்க எடம் போனா லாபம் யாருக்கு? பின்னால நிக்கிறவருக்குத்தானே. அதான் அவர்கிட்டயே ஒப்படைச்சிட்டுப் போறாங்க. இரக்கத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையேக்கா.”

கோப்பை இன்னும் இறங்கவில்லை. அவன் பயந்துபோய் மன்னிப்புக் கேட்டான். அவள் கேட்டுக்கொண்டிருந்தது மன்னிப்பை அல்ல. தலைக்குள் பாஸ்போர்ட் அலுவலகமும் மின்கட்டணக் கவுன்டரும் ஒவ்வொன்றாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தன. நாலாம் இயல் மொத்தமும் தவறான ஆளைப் பார்த்து நின்றிருக்கிறது. அழவேண்டும்போலவும் ஓடவேண்டும்போலவும் இருந்தது. தேநீரை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

அன்று அவள் உண்மையாகவே எழுதினாள். எழுதுவது என்றால் பெரும்பாலும் அழிப்பதுதான். இரக்கம் பற்றிய பக்கங்களைக் கொத்தாகத் தூக்கினாள். இரக்கம் பற்றி அவள் அடுக்கியிருந்த மேற்கோள்களையும் இரக்கமில்லாமல் தூக்கினாள். சாயங்காலம் எண்ணிக்கை எடுத்தார்கள்.

ஒருங்கிணைப்பாளர் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி பலகையைப் பார்த்தார்.

“மைனஸ்ல போயிருக்கு” என்றார்.

முகாமின் வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. நேற்றைய சொற்செல்வி இன்று கடனாளி. யாருக்காவது உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்றெல்லாம் விசாரித்தார். எதுவும் இல்லை, எழுதியது சரியாக வந்தது என்று அவள் சொன்னதும் அவருடைய கவலை அதிகமாகியது. மறுநாள் அவளை மட்டும் தனியாகக் கவனிப்பது என்று முடிவு செய்தார். அப்படிக் கவனித்ததில்தான் அந்தக் குற்றம் அகப்பட்டது.

அலுவலக அறையில் விசாரணை நடந்தது. மேசைமேல் தடயங்களாக நாலாம் இயலும் மரப்பாலங்களும் வைக்கப்பட்டிருந்தன.

“மௌன எழுத்து நேரத்துல என்ன பண்ணிட்டிருந்தீங்க?”

“படிச்சிட்டிருந்தேன் சார்.”

“யாரோடதை?”

“இந்தத் தம்பியோடதை.”

“தம்பி என்ன பண்ணிட்டிருந்தாரு?”

“என்னோடதை.”

ஒருங்கிணைப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “பரஸ்பரமாவா?”

“ஆமா சார்.”

இது எழுத்து முகாம், இங்கே படிப்பதற்கு யாருக்கும் அனுமதி கொடுக்கப்படவில்லை, நிகழ்ச்சிநிரலில் எங்கே தேடினாலும் அந்தச் சொல் இல்லை என்று அவர் விளக்கினார். பிறகு அவளுடைய நெறியாளருக்குத் தொலைபேசியில் தகவல் சொன்னார். மறுமுனையில் நெறியாளர் அதிர்ந்துபோனார். எங்கள் துறையில் அந்தப் பழக்கமே கிடையாது, வெளித் துறை மாணவர்களின் சகவாசத்தால் வந்திருக்கும் என்றார்.

இருவரையும் கூடத்தின் இரண்டு மூலைகளில் பிரித்து உட்காரவைத்தார்கள். ஆனால் காலம் கடந்துவிட்டது. ஆமையைக் கற்பனை செய்தவர் யானையைக் கற்பனை செய்தவரிடம் தன் இரண்டாம் இயலைக் கொடுத்துவிட்டிருந்தார். சாப்பாட்டு அறையில், துணி துவைக்கும் இடத்தில், மணல் வாளிகளுக்குப் பின்னால் என்று எங்கு பார்த்தாலும் ஆட்கள் குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். “இது ஏன் இங்க வருது?” “இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே” என்று கிசுகிசுப்புகள் கேட்டன. மணி அடித்தால் ஓடிவந்து உட்கார்ந்து, கேட்டதை வைத்து அழித்து அழித்து எழுதினார்கள். கடைசி நாள் பலகையில் ஒருவர் விடாமல் எல்லோரும் மைனஸ்.

இங்கேதான் ஒருங்கிணைப்பாளரின் நிர்வாகத் திறமை வெளிப்பட்டது. அறிக்கையில் ‘சொல் எண்ணிக்கை’ என்று போட்டு, மைனஸ் குறியைச் சற்றே நீட்டி, அதை ஓர் இடைக்கோடாக ஆக்கிவிட்டார். முகாம் வரலாறு காணாத வெற்றி என்று பிரிவு அறிவித்தது.

வரிசையக்கா வீட்டுக்குத் திரும்பி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். மகள் பள்ளிக்குப் போன பிறகு உட்கார்ந்தால், திரும்பி வரும்வரை எழுந்திருப்பதில்லை. அடைப்பு நீங்கிவிட்டது என்று மாமியார் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டார். புது நாலாம் இயல் பழையதைவிட மெலிந்து, எலும்பும் நரம்புமாக நின்றது. நெறியாளர் அதைக் கையில் வாங்கி எடைபார்த்தார்.

“பாத்தியா? முகாமுக்குப் போனதும் எப்படிக் கனம் கூடிடுச்சு” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சில மாதங்களில் வாய்மொழித் தேர்வு வந்தது. எல்லோர் முன்னிலையிலும் நடக்கும் தேர்வு. மேடையில் நெறியாளரும் வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மூவர் முன்னாலும் கறுப்பு அட்டை போட்ட ஆய்வேடு. கணவரும் மாமியாரும் பின்வரிசையில். முகாம்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள்.

முதல் தேர்வாளர், காத்திருப்பின் பரிமாணங்களை ஆய்வாளர் மிகுந்த பரிமாணத்தோடு அணுகியிருக்கிறார் என்று பாராட்டினார். இரண்டாமவர், இந்த ஆய்வால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்டார். அதை எந்த ஆய்வைப் பார்த்தும் கேட்கலாம். அவளும் எந்த ஆய்வுக்கும் பொருந்தும் ஒரு பதிலைச் சொன்னாள். எல்லோரும் எழுந்திருக்கத் தயாரானார்கள். அவையோரில் யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று நெறியாளர் மரபுக்காகக் கேட்டுவைத்தார்.

முன்னுரைத் தம்பி கையைத் தூக்கினான்.

“அக்கா, வரிசையில ஒவ்வொருத்தரும் பின்னால நிக்கிறவர்கிட்டதான் தன் எடத்தை ஒப்படைக்கிறாங்கன்னு நாலாம் இயல்ல எழுதியிருக்கீங்க. அப்ப கடைசியா நிக்கிறவங்க யாரைக் கேப்பாங்க?”

மேடையில் சலசலப்பு. நெறியாளர் ஒலிபெருக்கியை இழுத்துக்கொண்டார்.

“தம்பி, இது காத்திருப்பைப் பத்தின ஆய்வு. இங்க வந்து வரிசையைப் பத்திக் கேக்கறீங்களே. தலைப்பைப் படிச்சீங்களா?”

சம்பந்தமில்லாத கேள்வி என்று தேர்வாளர்கள் இருவரும் ஆமோதித்தார்கள். பதில் சொல்லவேண்டாம் என்று அவளுக்குச் சைகை காட்டினார்கள்.

“பரவாயில்லை சார். சொல்றேன்” என்றாள் வரிசையக்கா. கேள்வி கேட்டவனைப் பார்த்தே பேசினாள். “கடைசியா நிக்கிறவங்க யாரையும் கேக்கறதில்லை தம்பி. அவங்க நகர்றதே இல்லை. கால் வலிச்சாலும் பசிச்சாலும் அப்படியே நிக்கறாங்க. பின்னால ஒருத்தர் வந்து நின்னாதான் அவங்களுக்குத் திரும்பிப் பாக்கவே தைரியம் வருது.” “அந்த இயலோட கடைசிப் பக்கத்துல எழுதியிருக்கேன்.”

மேடையில் இருந்த மூவரும் அவசரமாக அந்தப் பக்கத்தைத் தேடினார்கள். புது பைண்டிங்கை முதல்முறையாகத் திறக்கும்போது முதுகு விரியும் அந்தப் படபடச் சத்தம், மூன்று இடங்களிலிருந்து ஒரே நேரத்தில், ஒலிபெருக்கி வழியாக அரங்கம் முழுக்கக் கேட்டது.

அவளுக்குப் பட்டம் கிடைத்தது. மறுக்க வேண்டுமானால் படிக்கவேண்டும்.

ஆனால் அன்று நடந்ததை ஆய்வு மேம்பாட்டுப் பிரிவு சும்மா விடவில்லை. ஆய்வேட்டை முன்கூட்டியே படித்துவிட்டு வருகிறவர்களால் தேர்வு அரங்கின் நடுநிலை கெடுகிறது என்று கண்டறிந்து, படித்தவர்களை இனி உள்ளே விடக்கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. முன்னுரைத் தம்பியின் தேர்வுக்கு வரிசையக்கா போனபோது வாசலில் இருந்தவர், “படிச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். ரெண்டு தடவை படித்திருக்கிறேன் என்று அவள் உண்மையைச் சொன்னாள். கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள்.

இந்த விதி பார்வையாளர், நெறியாளர், தேர்வாளர் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லோருக்கும் பொருந்தும். இன்றுவரை நெறியாளரோ தேர்வாளரோ ஒருவர்கூட வாசலில் நிறுத்தப்பட்டதில்லை.